அப்பாவின் காரும் ஐந்து நாள் வாடகைக் காரும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்குச் செயலாளர் முதலில் தந்த தலைப்பு 'நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் ஆரோக்கியம்'. சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் சீனியையும் கொழுப்பையும் பற்றிப் பேசுவது பாவம் என்று சொல்லித் தலைப்பை மாற்றிக் கேட்டோம். ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, திகனக் கார் தானே?" என்று கேட்டார். ஆம், அதே கார்தான். இந்த மண்டபத்தில் 1986க்கும் 1999க்கும் இடையில் படித்தவர்களில் பலருக்கு அதைத் தெரியும். காலையில் முதல் மணி அடிக்கும்போது வாசலில் வந்து நிற்கும் வெளிர் நீலக் காரும், அதிலிருந்து கசங்கிய வெள்ளைச் சீருடையோடு இறங்கும் ஐந்து பிள்ளைகளும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஐவர் தான் நாங்கள். ஒலிவாங்கியின் முன் நிற்பது வைத்தியராகப் போனவள். பேச்சு ஐந்து பேருடையது. அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

காரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் பழைய தெல்தெனிய நகரத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. மகாவலியை மறித்துக் கட்டிய 122 மீற்றர் உயரமான அணை 1985 ஏப்ரல் மாதம் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே கடைகள், வீடுகள், பஸ் நிலையம் எல்லாவற்றையும் விட்டுச் சனங்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மழை பொய்க்கும் வருடங்களில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் இடிபாடுகள் வெளியே தெரியும். அப்பா எங்களைக் கரையில் நிறுத்தி, "அதோ அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் நம்ம கடை" என்று கை நீட்டிக் காட்டுவார். எங்களுக்குச் சேறு மட்டும்தான் தெரியும். அவருக்கு மாவு மூட்டையும் தராசும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குக் கிடைத்த நட்டஈட்டில் ஒரு பங்கை எடுத்துத் திகனவில் சிறிய கடை போட்டார். மிச்சத்தில் இந்தக் காரை வாங்கினார். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டவர்கள் தங்குவதற்காகத் திகனவில் வீடுகள் கட்டியிருந்தார்கள். வேலை முடிந்து அவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிய காலத்தில், ஒரு பொறியியலாளர் விற்றுவிட்டுப் போன 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா அது. ஊரில் எல்லோரும் 'கே.ஈ. செவன்ரி' என்று சொல்லும் ரகம். 1290 சி.சி. எஞ்சின், காபரேற்றர், பின் சக்கர இழுவை. பவர் ஸ்டியரிங் இல்லை, குளிரூட்டி இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். கடையை விழுங்கிய தண்ணீர் எங்களுக்குக் கார் தந்தது என்று அம்மா சொல்வார். அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

அந்தக் காரில் நாங்கள் ஐவர். அக்கா, தங்கை இருவர். அடுத்த வீட்டுப் புடவைக் கடைக்காரரின் மகள். ராஜவெல்லத் தோட்டத்திலிருந்து புலமைப்பரிசில் பெற்று வந்த பிள்ளை. புதுத் தெல்தெனியவிலிருந்து பஸ்ஸில் வந்து திகனச் சந்தியில் காத்து நிற்கும் தபால் அதிபரின் மகள். சில நாட்களில் வேறு இரண்டு பேரையும் ஏற்றி ஏழு பேராகப் போயிருக்கிறோம். இருக்கைப் பட்டி என்ற பேச்சே கிடையாது. வைத்தியராக இன்று அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

பலகொல்ல, பல்லேகல, குண்டசாலை, நத்தரம்பொத்த, தென்னகும்புறப் பாலம், பிறகு கண்டி. இந்த வரிசையில்தான் எங்கள் பள்ளிப் பாடங்கள் மனப்பாடமாயின. பாலம் வருவதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு முடிய வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். தோட்டத்துப் பிள்ளையிடம் அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. 1988, 1989ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் அடிக்கடி மூடப்பட்டன. திறந்த நாட்களில், பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும், எங்கள் கார் வந்தது. நாங்கள் ஐவரும் உயர்தரம் வரை படித்ததற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுக்கு நான்கு சக்கரம் இருந்தது.

பிறகு எல்லோரையும் போல நாங்களும் பிரிந்தோம். ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி கொழும்பில். தோட்டத்திலிருந்து வந்தவள் இன்று ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். ஒருத்தி திகனவிலேயே தங்கி வைத்தியம் பார்க்கிறாள். காரும் திகனவிலேயே தங்கியது. அப்பாவின் கண் பார்வை குறைந்ததும் சாவி எங்கள் கைக்கு வந்தது.

2018 மார்ச் மாதத்தை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திகனவில் கடைகள் எரிந்தன. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு போடப்பட்டது. எரிந்த கடைகளில் ஒன்று எங்கள் தோழியின் தந்தையுடையது. அவளுடைய அம்மா இன்சுலின் போடுபவர். உறவினர் வீட்டுக்கு ஓடியபோது மருந்துப் பை வீட்டிலேயே நின்றுவிட்டது. வைத்தியசாலை அடையாள அட்டையைக் காட்டி, ஒவ்வொரு தடையிலும் நின்று நின்று, அந்த மருந்தைக் கொண்டுபோனது இந்தக் கார்தான். முன்பு அவர் அந்தக் காரில் எங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்து அனுப்பியவர். அன்று அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துத்தான் அழுதார்.

இத்தனை இருந்தும், அந்தக் காரை விற்க நாங்கள் தீர்மானித்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

காரணங்கள் நியாயமானவை. 2022இல் பெற்றோல் வரிசை. கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். எங்கள் கார் ஒரு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் பெரிய விடயம். சின்ன எஞ்சின் கார் வைத்திருந்தவர்கள் அதே 20 லீற்றரில் எங்களைப் போல் இரு மடங்கு தூரம் போனார்கள். உதிரிப்பாகம் தேடுவது ஒரு வேலை. கதவுகளின் அடியில் துரு. இன்னொரு பக்கம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் மீண்டும் இறக்குமதிக்கு வழி திறந்தபோது, இனி விலை இறங்கிவிடும், இப்போதே விற்றுவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாங்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர். முற்பணம் தந்தார். துருவை மட்டும் சரி செய்து தாருங்கள் என்றார். தகர வேலைக்காகக் காரைக் கராஜில் விட்டோம். வேலை முடியும்வரை ஓட, விசாரித்ததில் மிகக் குறைந்த வாடகைக்கு ஒரு சின்னக் காரை ஐந்து நாட்களுக்கு எடுத்தோம்.

அந்தக் காரைப் பற்றி நியாயமாகவே சொல்கிறோம். சாவியைத் திருப்பியதும் சத்தமில்லாமல் தொடங்கியது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். கண்டிச் சந்தைப் பக்கம் எந்த இடுக்கிலும் நிறுத்தலாம். குளிரூட்டி இருந்தது. முன்னால் இரண்டு காற்றுப் பைகள் இருந்தன. எங்கள் காரில் அவை இல்லை. முதல் இரண்டு நாட்கள் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் ஓடியபோது, இவ்வளவு காலம் ஏன் கஷ்டப்பட்டோம் என்றுகூட நினைத்தோம். பெற்றோல் முள் அசையவேயில்லை.

மூன்றாம் நாள் டீச்சரைக் கூட்டிவரப் போனோம்.

டீச்சர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கணிதம் படித்த எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வரிசையில் இருந்து இப்போது எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு 86 வயது. மெதமஹநுவரப் பக்கம், கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815இல் பிடிபட்ட அந்த மலைப் பிரதேசத்தில், மகனோடு இருக்கிறார். கண் சத்திர சிகிச்சைக்குப் பிறகு கண்டியில் கிளினிக். மகன் வெளியூர் போயிருந்ததால் நாங்கள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தோம். ரொறன்ரோத் தோழியும் அப்போது விடுமுறையில் வந்திருந்தாள். டீச்சரின் துணைக்கு ஒரு பேத்தி. ஆக நான்கு பேர்.

தெல்தெனிய தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்தச் சின்ன எஞ்சின் கத்தத் தொடங்கியது. குளிரூட்டியை நிறுத்தினோம். கத்தல் குறையவில்லை. வேகமும் கூடவில்லை. பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்து அடித்து எங்களை ஒதுக்கிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது இறக்கம். வண்டி ஓட்டோ கியர். 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினோம். பாதி வழியில் கருகிய மணம். ஓரமாக நிறுத்தி, சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்தோம். அது வண்டியின் பிழையல்ல. நீண்ட இறக்கத்தில் ஓட்டோ கியர் காரையும் 'எல்' போன்ற தாழ்ந்த நிலையில் போட்டு எஞ்சினால் பிடிக்கவைக்க வேண்டும். பழைய காரில் இரண்டாம் கியரில் இறங்கியே பழகிய கைக்கு, புதிய காரில் அந்த அறிவு ஏனோ வரவில்லை.

ஆனால் மிக மோசமானது குலுக்கல். ஒட்டுப்போட்ட வீதியின் ஒவ்வொரு குழியும் இருக்கை வழியாக நேரே முதுகுக்கு வந்தது. டீச்சருக்கு எலும்பு தேய்வு இருக்கிறது. அப்படியான முதுகெலும்பு உடைவதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. ஒரு பலமான அதிர்வு போதும். கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பலகொல்லவில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். மாலையில் வீட்டில் இறக்கிவிட்டபோது எங்கள் கையைப் பிடித்துச் சொன்னார்: "பிள்ளைகள், நீங்கள் நல்ல பிள்ளைகள். ஆனா இனி நான் எங்கேயும் வரமாட்டேன். நூறாவது வருஷ விழாவுக்கும் என்னைக் கூப்பிட வேண்டாம். இங்கயிருந்தே வாழ்த்துறன்."

அன்று இரவு திகனவுக்குத் திரும்பும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. எங்களுக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் கைவிட்டபோது, பின்னேரம் நான்கு மணிவரை வகுப்பறையில் இருந்து சொல்லித்தந்தவர். அப்பாவின் காரும் அவருக்காக வாசலில் காத்து நின்று, எங்களோடு அவரையும் தெல்தெனிய வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. அவர் இல்லாமல் நூற்றாண்டு விழாவா?

மறுநாள் வாடகைக் காரின் டயர்களைப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில், காற்று 32 பவுண் என்று இருந்தது. டயரில் 42 இருந்தது. அளவுக்குக் குறைத்ததும் குலுக்கலில் ஒரு பங்கு குறைந்தது. வண்டியின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். அது மூன்று நான்கு முறை ஆடியது. அதிர்வு தாங்கிகள் தேய்ந்துவிட்டன. உள்ளே சீட்டின் நுரை அமுங்கிப் பலகையாகி இருந்தது.

அப்போதுதான் ஒரு விடயம் விளங்கியது. அந்தக் கார் மலிவானது என்பதால் மட்டும் அப்படி இருக்கவில்லை. ஒருவர் இருவர் நகரத்துக்குள் ஓடுவதற்குச் செய்யப்பட்ட சின்னக் காரில், நான்கு பேரை ஏற்றி மலைக்குக் கொண்டுபோனது நாங்கள். அதற்கு மேல், அது யாருடைய காரும் அல்ல. ஐந்து நாளைக்கு ஒருவர் என்று எத்தனையோ பேர் ஓட்டியிருப்பார்கள். எல்லோரும் எண்ணெய் அளவையும் கீறலையும் பார்த்திருப்பார்கள். அதன் சத்தத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களும்தான். மூன்று நாள் ஓட்டிவிட்டு, டீச்சர் வாந்தி எடுத்த பிறகுதான் டயரைப் பார்த்தோம்.

கராஜுக்குப் போனோம். கதவுகள் கழற்றப்பட்டு, வர்ணம் சுரண்டப்பட்டு, எங்கள் கார் நோயாளி போல் நின்றது. பாஸ் அடியில் படுத்திருந்தார். அவருடைய மாமனாரிடம்தான் அப்பா முதலில் காரைக் கொடுத்தார்; அவர் போன பின் இவர். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: "டொக்டர், துரு மேல் தகரத்தில் மட்டும்தான். அடிச்சட்டம் சுத்தம். உங்கள் அப்பா ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடியைக் கழுவி எண்ணெய் அடிக்கக் கொண்டுவருவார். அதுதான் இன்னும் நிற்கிறது. வாங்குகிறவர் அதிர்ஷ்டசாலி."

அப்பாவின் கொப்பி ஒன்று காரின் டாஷ்போட் பெட்டிக்குள் எப்போதும் இருக்கும். அதைப் பத்து வருடங்களாக நாங்கள் திறந்து பார்த்ததில்லை. பாஸ் அதை எடுத்து எங்கள் கையில் தந்தார். 1985இலிருந்து ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் திகதியோடு. பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முன் சீட்டின் நுரை அமுங்கியபோது, இறப்பர் பூசிய தும்பு வைத்துத் தைத்தது. 2011இல் முன் இருக்கைகளுக்குப் பட்டி கட்டாயமானபோது, நல்ல பட்டி தேடி வாங்கி மாட்டியது. ஒரு பக்கத்தில், கணக்குகளுக்கிடையில், 'பிள்ளைகளுக்கு ஓ.எல். சோதனை. கிளட்ச் வயர் மாற்றினது. வழியில் அறுந்தால் என்ன செய்வது' என்று எழுதியிருந்தது.

நோயாளிகளின் பழைய கிளினிக் புத்தகங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இருபது வருடம் சீனி வியாதி இருந்தும் கண்ணும் காலும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களின் புத்தகத்தைப் பார்த்தால் பெரிய மருந்து ஒன்றும் இருக்காது. திகதி தவறாமல் வந்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கொப்பியும் அப்படித்தான் இருந்தது. எங்கள் பழைய கார் புதிய வாடகைக் காரைவிட மென்மையாகப் போனதற்குக் காரணம், அந்தக் காலத்துப் பொருள் உறுதியானது என்பது மட்டுமல்ல. அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ கார்கள் இரும்புக்கு நிறுக்கப்பட்டுவிட்டன. இது நாற்பது வருடங்களாக ஒருவருடையதாக இருந்தது.

முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அப்பாவின் கார் என்று தெரிந்திருந்தால் நான் கேட்டே இருக்க மாட்டேன்" என்றார். திகன வீட்டில் அப்பாவிடம் விற்கவில்லை என்று சொன்னோம். விற்கப்போகிறோம் என்று சொன்னபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. விற்கவில்லை என்றபோதும் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "டயர் எப்ப மாத்தினது?" என்று மட்டும் கேட்டார்.

அது நல்ல கேள்வி. பார்த்தோம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் போன இறப்பரை நம்பக்கூடாது. எங்களுடையதை மாற்றினோம். பிரேக் எண்ணெயையும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் மிதி கீழே போய்விடும். இவையெல்லாம் ஆண்களின் விடயம் என்று நினைக்கும் தங்கைமார் இங்கே இருந்தால், தயவுசெய்து இன்றே உங்கள் டயரைக் குனிந்து பாருங்கள். பழைய காரின் குறையையும் மறைக்கவில்லை: காற்றுப் பை இல்லாத கார் அது. அதனால் அதில் மெதுவாகத்தான் போகிறோம், பட்டி போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை, நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு டீச்சரின் வாசலில் போய் நின்றோம். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார். அவருக்கு வாசலில் நிற்கும் காரின் உருவம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்னர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். "இது கடைக்காரர் ஐயாவின் கார் இல்லையா?" என்றார். பத்து நிமிடத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் சீட்டில் இருக்கவைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினோம். வயதானவர்களைக் காரில் ஏற்றும் முறை அதுதான். ஒரு காலை உள்ளே வைத்து மறு காலில் நிற்கச் சொல்லக்கூடாது. இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறிய தலையணை. இரண்டாம் கியரில் இறங்கினோம். ஹோர்ன் அடித்தவர்களுக்கு வழி விட்டோம். தெல்தெனிய வரும்போது டீச்சர் நித்திரை. தென்னகும்புறப் பாலத்தில் கண் விழித்து, "இந்தக் காருக்கு என்ன வயசு?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றோம். "சரியா என் வயசில் பாதி" என்றார். பிறகு, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்ப்பம்" என்றார். லண்டனிலிருந்து நேற்று வந்து இறங்கிய தோழிக்குப் பதினாறு பெருக்கல் ஏழில் தடுமாறியது. அதை இங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள்.

அன்பானவர்களே, இந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சும்மா இறங்க நாங்கள் வரவில்லை. ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறோம். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில், மலைகளில், தனியாகவோ பிள்ளைகளோடோ இருக்கிறார்கள். கிளினிக் திகதி வரும்போது பஸ் ஏறப் பயந்து, முச்சக்கரவண்டிக்குக் காசு பார்த்து, போகாமலே விட்டுவிடுகிறார்கள். வைத்தியசாலையில் இருந்துகொண்டு அதைப் பார்க்கிறோம்: மருந்து இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், வந்து சேர வழி இல்லை.

சங்கம் ஒரு கொப்பி போடட்டும். ஒரு பக்கத்தில் ஆசிரியையின் பெயர், ஊர், கிளினிக் திகதி. மறு பக்கத்தில், காரும் ஒரு நாள் நேரமும் தரக்கூடிய பழைய மாணவியின் பெயர். வெளிநாட்டில் இருப்பவர்கள் கார் தர முடியாது; ஒரு மாதத்துப் பெற்றோல் தரலாம். விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் சாரதியாகவும் வரலாம். பெரிய நிதியம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். திகதி தவறாமல் எழுதப்படும் ஒரு கொப்பி போதும். நூறு வருடம் ஒரு சங்கம் நின்றதும் அப்படி யாரோ சிலர் கூட்டக் குறிப்பை எழுதி, சந்தாவைச் சேர்த்து, அடுத்தவர் கையில் ஒப்படைத்ததால்தான்.

முதல் பக்கத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். தெல்தெனிய, மெதமஹநுவர, ஹுன்னஸ்கிரியப் பக்கம்: திகன, வெளிர் நீலக் கொரோலா, சனிக்கிழமைகளில். முன் சீட் டீச்சர்மாருக்கு. பின்னால் மூவருக்கு இடம் இருக்கிறது. வாய்ப்பாடு தெரிந்தவர்கள் முன்னுரிமை பெறுவார்கள்.